கழுவிய ஆரஞ்சுகள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததால்தான் இந்தக் கதையே நடந்தது. ஏற்காட்டில் என் வீட்டு மேசையில் எழுதிய முதல் வரி இது: "ஒவ்வொரு சரிவிலும் பழத்தோலின்மேல் வேறுவேறு ஈஸ்ட் வாழ்கிறது, அந்த மண்ணின்..." அப்போது போன் அடித்தது. வரி இன்னும் அப்படியே கிடக்கிறது.*

2

என் மனைவி சங்கீதா பழ ஒயின் ஆராய்ச்சி செய்கிறாள். பாக்கெட் ஈஸ்ட் போட்டால் எல்லா ஊர் ஒயினும் ஒரே ருசிதான் என்பாள். சேர்வராயன் மலை ஆரஞ்சுத் தோலில் தானாக ஒட்டியிருந்து, சாற்றை நுரைக்கவைத்து ஒயினாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களை ஆறு வருடமாகச் சேகரிக்கிறாள். குப்பனூர் ரோட்டுச் சரிவில் மட்டும் பாக்கி. அங்கே ஒரே ஒரு பழைய மரம் நின்றது. லாட்ஜ் கட்ட அதையும் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்யும் ஆராயியிடம் பழங்களைப் பறித்து வரச் சொல்லியிருந்தாள்.

3

(ஆராயியை விவரமில்லாதவளாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.)

ஆராயி பழங்களை வெள்ளைத் துணியில் கட்டி எடுத்து வந்தாள்.

"சுடுதண்ணியில உப்பும் மஞ்சளும் போட்டு ரெண்டு தடவ கழுவிட்டனுங்க அம்மிணி. கொரோனாவுல இருந்து எங்கூட்டுல இப்படித்தானுங்க."

சுடுதண்ணீரில் தோலிலிருந்த ஈஸ்ட் எல்லாம் செத்திருக்கும். சங்கீதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மரம் இருக்குதுங்களா?"

"காத்தாலயே வெட்டிப்போட்டாங்க."

"உங்கள யாருங்க கழுவச் சொன்னது?"

ஆராயி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எம்புத்திதானுங்க அம்மிணி. நொம்பத் தப்புங்க."

"இனி நீங்க வர வேண்டாம்" என்றாள் சங்கீதா. ஆராயி அதற்கப்புறம் வரவில்லை.

4

முடிவு ஒன்று: வேறொரு மரம் கிடைக்கிறது. பொய். ஜீப் வைத்து நானே தேடினேன், இல்லை.

முடிவு இரண்டு: அந்தப் பழச்சாறு ஜாடியில் எப்படியோ நுரைக்கிறது. பத்து நாள் ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு பூஞ்சை பிடித்தது, கொட்டினோம்.

முடிவு மூன்று: கணவன் வாயைத் திறக்கிறான். (மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும்...)

* போனில் ஆராயி. "ஏனுங்க, அம்மிணி போன் எடுக்கலீங்க. பழத்தக் கழுவிக் கொண்டாரட்டுங்களா?" ஆராயி கூப்பிட்டால் கழுவ வேண்டாமென்று சொல்லும்படி சங்கீதா காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு வரி ஓடிக்கொண்டிருந்தது. "ம், சரிங்க" என்றேன்.

5

சங்கீதா என் கதைகளைக் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பாள். அது பிடித்திருந்தால்தான் மேலே போவாள். அதனால் உண்மையை நடுவில் வைத்துவிட்டு, இங்கே ஆராயி கழுவினாள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நான் இவ்வளவுதான். உங்களால் முடிந்தால் அந்த அடிக்குறிப்பை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள்.