பாக்கெட் சத்தம்

"உங்க லிஃப்ட்டுல பாரம் கூடினா மணியடிக்கும்ல? இவன் முட்டி மணியடிச்சுட்டு இருக்கு," என்றார் டாக்டரம்மா, மேசையில் பரந்து கிடந்த பூனையின் பின்னங்காலை அழுத்தியபடி. "வயசான காலத்துல இவ்வளவு உடம்பு ஆகாதுங்க. பாக்கெட் தீனியை நிறுத்துங்க. யாரு இவ்வளவு குடுக்கிறது?"

"நான்தாம்மா," என்றார் லிஃப்ட் மெக்கானிக். காரணத்தை அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பூனைக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தவள் மகள். சோபாவில் சாய்ந்தபடியே எல்லோரையும் வேலை வாங்குகிறதாம். அவள் வேலைக்காக வேறு தேசம் போனபின் வீட்டில் இவரும் அதுவும்தான். மாலையில் வீடியோவில் அழைப்பாள். "சாப்பிட்டீங்களாப்பா? உடம்பு எப்படி?" இரண்டுக்கும் "ம்" என்பார். மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாது. மனைவி இருந்தவரை பேச்சு அவளுடைய இலாகா. "சரி, வைக்கட்டுமா?" என்று மகள் இழுத்த ஒருநாள், முதலாளி திரைக்குள் மூக்கை நீட்டியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் அவள் குரல் தளரும்போதெல்லாம் இவர் தீனிப் பாக்கெட்டைக் கசக்குவார். எங்கிருந்தாலும் முதலாளி ஓடிவரும். கேமரா அது தின்னும் தரையையே பார்த்திருக்கும்; தின்று முடிக்கும்வரை மகள் இணைப்பில் இருப்பாள். ஒவ்வொன்றாகத்தான் போடுவார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் முகம் கழுவி, விளக்கின் முன் நின்றார். கடவுளிடம் அவர் பெரிதாக எதையும் கேட்டுப் பழகியதில்லை. அன்று, பேசக் கொஞ்சம் வார்த்தை கேட்டார்.

அழைப்பு வந்தது.

"முதலாளி எங்கப்பா? கூப்பிடுங்களேன்."

கை பழக்கத்தில் பாக்கெட்டைத் தொட்டது. அந்தச் சிறு சத்தத்துக்கே மூலையில் கிடந்த பூனை முன்னங்கால்களை ஊன்றியது. பின்னங்கால்கள் நடுங்கின. மறுபடி உட்கார்ந்துவிட்டு இவரையே பார்த்தது.

பாக்கெட்டை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"வேணாம்மா. அவனுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. தீனியைப் போட்டுப் போட்டு நான்தான் இப்படி ஆக்கிட்டேன்."

"ஏம்பா, அளவு தெரியாதா உங்களுக்கு?"

"அவன் தின்னுட்டிருந்தாத்தானே நீ இருக்கே."

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. அலமாரிக் கதவை மறுபடி அழுத்திச் சாத்தினார்.

"கேமராவைத் திருப்புங்கப்பா."

"அவன் எந்திரிக்கலைம்மா..."

"உங்க பக்கம் திருப்புங்க."

எதை அழுத்துவதென்று தடவித் தேடினார். தரை மறைந்து, திரையின் ஓரத்தில் நரைத்த தாடியோடு ஒரு முகம் தெரிந்தது.

"இதென்ன தாடி? சாமியாராப் போறதா உத்தேசமா?"

"சோம்பல்தான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு ஒரு லிஃப்ட்டு நடுவழியில நின்னுக்கிச்சும்மா. உள்ள ஒரு கல்யாண மாப்பிள்ளை..."

"மாப்பிள்ளையா? இருங்க, இருங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரையில் மகளின் முகம் மெல்லக் கீழிறங்கி, இவர் முகத்துக்கு நேராக வந்து நின்றது.