இடது மட்கார்டு

கார் பானெட்டின் பாதியில் பாலிஷ் கடைக்காரன் இகராஷி மெஷினை நிறுத்தினான். மிச்சப் பசையைத் துணியால் துடைத்துவிட்டுக் கைவிளக்கை உயர்த்திப் பிடித்தபோது சுமியே கிட்டே வந்து குனிந்தாள். வலது பாதி அவள் ஒன்பது வருஷமாகப் பார்த்துவந்த கறுப்பு. விளக்கொளியைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கீறல்கள் வட்டவட்டமாகச் சுழன்று சாம்பல் பூத்துக் கிடந்தன. இடது பாதியில் ஒன்றுமே இல்லை. அங்கே தகடு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. குனிந்தால் உள்ளே விழுந்துவிடலாம். கூரையின் குழல்விளக்கு அதற்குள் எங்கோ ஆழத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"இத்தனை கீறல் யார் போட்டது?" என்றார் அவள் கணவர் ஹிதேவோ. சொந்த டாக்சி ஓட்டுகிறவர். போன வாரம் வெயிலில் இறங்கிய ஒரு பயணி, "வண்டி பூரா சிலந்தி வலையா இருக்கே தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்கதான் சார். தினம் காலையில இறகுத் துடைப்பத்தால தட்டுறீங்கல்ல?"

"தட்டமாட்டேன். தடவுவேன்."

"தடவித்தான் இந்தக் கதி. தூசியோட சேர்த்துத் தடவினா அது உப்புத்தாள்தான்."

"முப்பத்தோரு வருஷம் டாக்சி ஓட்டிட்டேன். ஒரு இடி, ஒரு உரசல் கிடையாது. இந்த வண்டி மேல ஒரு நகம் பட்டதில்ல, தெரியுமா?"

"நகம் படல. இறகு பட்டிருக்கு."

ஹிதேவோவே சிரித்துவிட்டார். சுமியே சிரிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவர் பித்தப்பை அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்து வீட்டுக்குச் சாமான் ஏற்ற வந்த லாரிக்கு வழிவிட அவள்தான் வண்டியை நகர்த்தினாள். இடது மட்கார்டு கல்சுவரில் உரசியது. அவர் வீடு திரும்புவதற்குள் ஊரின் அந்தக் கோடியில் பெயின்ட் அடித்து வாங்கி வந்து நிறுத்திவிட்டாள். அவர் கண்டுபிடிக்கவில்லை. மறுநாளே இறகுத் துடைப்பத்தை எடுத்தார். மெல்ல மெல்லச் சாம்பல் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படிந்தது. நகம் பட்டதில்லை என்று அவர் ஒவ்வொரு பயணியிடமும் சொன்னார். முதல் வருஷம் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு அந்த வாக்கியத்தின் மேல்தான் மனிதர் நிற்கிறார் என்று தெரிந்ததும் வாயைத் திறக்கவே முடியாமல் போயிற்று.

ஹிதேவோ காப்பி வாங்க வெளியே போனார். இகராஷி பூச்சின் தடிமன் பார்க்கும் கருவியை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வந்தான். கதவில் நூற்றிருபது மைக்ரான். இடது மட்கார்டில் இருநூற்றெழுபது. அவன் எண்ணைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"அம்மா, இது மறுபடி அடிச்ச பெயின்ட்."

"தெரியும். அவருக்குத் தெரியாது."

"மேல இருக்கிற சாம்பல் போயிட்டா தெரிஞ்சிடும். பூச்சுக்கு அடியில, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால உப்புத்தாள் தேய்ச்ச கோடு இருக்கும். என் மெஷின் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது."

"விட்டுட்டா?"

"இது மட்டும் செத்த மீன் கண்ணு மாதிரி நிக்கும். இங்க பூச்சு மெலிசு, தேய்க்க முடியலன்னு நான் சொல்லிக்கிறேன். நம்புவாரு."

நம்புவார். அதுதான் கஷ்டம். சுமியே முழுதாக முடிந்திருந்த பானெட்டைப் பார்த்தாள். கறுப்பு என்று இத்தனை நாள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. இவ்வளவு பெரிய ஒன்று தன் வாசலிலேயே நின்றிருக்கிறது. அதன் பக்கத்தில் செத்த கண்ணாக ஒரு துண்டை விட்டுவைக்க அவளால் முடியவில்லை.

"போடுங்க," என்றாள்.

மெஷின் முனகியது. வெள்ளைப் பசை பரவி, மெலிந்து, காணாமல் போயிற்று. துணி ஒருமுறை போய்வந்தது.

ஹிதேவோ மூன்று காப்பி டின்களோடு வந்தார். பார்த்ததும் டின்களைத் தரையில் வைத்துவிட்டு, கேட்காமலேயே விளக்கை வாங்கிக்கொண்டார். பின்பக்கத்திலிருந்து இடது ஓரமாக நடந்தார். கோயிலுக்குள் நடப்பதுபோல நடை. பின்கதவு, முன்கதவு, மட்கார்டு. நின்றார்.

"இகராஷி, இங்க கோடு போகலையே?"

இகராஷி மெஷினிலிருந்து ஸ்பான்ஜைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

"அது உள்ள இருக்கு," என்றாள் சுமியே. "நான் இடிச்சது. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

அவர் திரும்பவில்லை. முழங்கால் சடசடக்கக் குந்தி உட்கார்ந்து விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். கறுப்புக்கு வெகு ஆழத்தில், ஒரே சாய்வில், நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். பெய்யத் தொடங்கிய மழை தரையைத் தொடாமல் பாதியில் நின்றதுபோல இருந்தது. விளக்கைச் சாய்த்தார், மழை மறைந்தது. நிமிர்த்தினார், வந்து நின்றது.

"ஆறு வருஷம்," என்றார். கேட்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளும் பக்கத்தில் குந்தினாள். அவர் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. விளக்கை மட்டும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிப் பிடித்தார். அந்த உயரத்திலிருந்து பார்க்க, மழை இன்னும் அடர்த்தியாக இருந்தது.