படகு கரை சேரும் நேரம்

தி. நகரின் அந்தப் பெரிய கடிகாரக் கடையில் எதைக் கேட்டாலும் சிரித்த முகமாய் எடுத்துக் காட்டுகிற ஐரினுக்கு, ஒன்றே ஒன்றை மட்டும் விற்க மனசு வரவில்லை. அப்படியென்ன பெரிய கைக்கடிகாரம் என்கிறீர்களா? முகப்பில் எனாமலில் தீட்டிய நீலக் கடல். அதில் அரிசியளவு தங்கப் படகு. மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து, சரியாகப் பன்னிரண்டுக்குக் கரையைத் தொடும். கரையில் நிற்கிற மனைவி கையைத் தூக்குவாள். பேட்டரியே கிடையாது, எல்லாம் உள்ளே சுற்றும் குட்டிச் சக்கரங்களின் வேலை.

எட்டு மாதமாக வீட்டில் சோறு போடும்போதெல்லாம் இதே பேச்சுதான். கணவன் ஜாக்சன் சலிக்காமல் கேட்பான், பாவம் மனுஷன். கடைக்கு வா என்றால் மட்டும், ஆட்டோக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று நழுவிவிடுவான். அந்தப் புதன்கிழமை காலை, மாளவிகா என்பவர் அன்றே கடிகாரத்தை வாங்கிப்போக வருகிறார் என்று தெரிந்ததும், ஐரின் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு விட்டால் இனி இல்லை, பன்னிரண்டுக்குள் வந்து சேர்.

மாளவிகா பதினொன்றரைக்கே வந்துவிட்டார். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்பியாக வேண்டுமாம். பில்லும் போட்டாயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வியர்த்து நனைந்த காக்கிச் சட்டையோடு ஜாக்சன் கதவோரம் வந்து நின்றான். பெட்டியை மூடப்போன ஐரினின் கை அப்படியே நின்றது. அடக் கடவுளே, ஓடி வந்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

யார் அவர் என்று மாளவிகா கேட்டார். ஐரின் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“முள்ளத் திருப்பி வெச்சா படகு வராதா?”

“வரும் மேடம். ஆனா பில் போட்டப்புறம் அது உங்க பொருள். நாங்க நேரத்த மாத்தக்கூடாது.”

“என் பொருள்தானே?” என்று மாளவிகாவே ஓரத்துக் குமிழைத் திருகினார். படகு கரையைத் தொட்டது. மனைவியின் கை உயர்ந்தது.

ஜாக்சன் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

“வா வான்னு கூப்புடுதுன்னு சொன்னியே ஐரின்,” என்றான். “இது, ‘இன்னாய்யா இவ்ளோ லேட்டு’ன்னு கேக்குது. அப்டியே உன்ன மாதிரியே கீது.”

மாளவிகா வாய்விட்டுச் சிரித்தார். ஐரினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இந்த மனுஷனை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேரத்தைச் சரிசெய்து தருகிறேன் மேடம் என்று கடிகாரத்துக்குக் கை நீட்டினாள்.

“இருக்கட்டும்மா,” என்றார் மாளவிகா, அதைக் கையில் கட்டிக்கொண்டே. “எங்க வீட்டுல எல்லாக் கடிகாரமும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுதான்.”