மூன்றாம் ஓலை

“பூவ வெட்டிட்டியாட்டி?” என்று கேட்டுக்கொண்டே எபனேசர் தன் தகப்பனார் கிடந்த அறையின் கதவை இழுத்துச் சாத்தினார்.

விடியுமுன்பே தேவசிகாமணித் தாத்தாவின் மூச்சு நின்றிருந்தது. அவருடைய தாடையைத் துணியால் கட்டிவிட்டு டார்லின் அப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

“கோயில்ல சாவு மணியடிக்கச் சொல்லி ஆள் அனுப்பாண்டாமாப்பா?”

“ஆராதனை முடியட்டும். இன்னைக்கு மூணாவது ஓலை. வீட்ல துட்டி விழுந்துட்டுன்னு தெரிஞ்சா சாயர்புரத்துக்காரங்க கலியாணத்தத் தள்ளிப்போடுவாங்க. மூணும் வாசிச்சுட்டா பெறவு மாத்த மாட்டாங்க. மாப்பிள்ளைக்கு லீவு முடியுது. மஸ்கட்டுக்குப் போய்ட்டா அடுத்த வருசந்தான்.”

அடுக்களை வாசலில் நின்ற லில்லி மகளைப் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, சபையில் பெண் மாப்பிள்ளை பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. இரண்டு வாசித்தாயிற்று. பெண் பார்க்க வந்தவன் டார்லினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எபனேசரிடம்தான் கேட்டான்: “ஸ்கூல் வேலைய எப்ப விடுதாங்க?” அவரும் தேதி சொல்லிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம், சம்பங்கிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தாத்தாவிடம் மட்டும் அவள் வாய் திறந்தாள். எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் தாத்தா. அவர் குழாயை மூடவில்லை. “காலைல பாஸ்டர்ட்ட நானே சொல்லுதேன். ஓலைய நிறுத்திருவாவ. நீ பூவ நல்லா வெட்டிக் கொண்டா” என்றார்.

கோயில் பீடத்துக்குப் பூ அவர்கள் தோட்டத்திலிருந்துதான்; கடைப்பூ போனால் அந்த வீட்டுக்கு அவமானம். அவள் தோட்டத்தில் ஒன்று விடாமல் வெட்டினாள்.

ஸ்கூட்டரில் பூ வாளியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் உட்கார்ந்தாள். வாய்க்கால் பாலம் தாண்டியதும் அவர் திரும்பாமலே சொன்னார்:

“தாத்தா ராத்திரி எங்கிட்டயும் சொன்னாவ.”

அவள் காத்திருந்தாள்.

“வயசாயிட்டுல்லா. நெனப்பு தப்பிட்டு, பாவம்.”

பித்தளைச் சாடிகளில் அவள் பூ வைக்கையில் செல்லத்தாய் டீச்சர் வந்து நின்றாள். “சாயர்புரத்துல பூவுக்கு எங்கட்டி போவ? அங்கன வெறும் ஒடமரந்தான். தாத்தாட்டச் சொல்லி நாலு பதியம் வாங்கிட்டுப் போ. எங்க அவியள? பூவ மட்டும் அனுப்பிட்டாவளா?”

அப்பா இரண்டடி தள்ளி நின்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அசந்து தூங்குதாவ டீச்சர்.”

“தூங்கட்டும், தூங்கட்டும்.”

முன்வரிசையில் தாத்தாவின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. பாஸ்டர் தாளைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் பெயர், அவளுடைய பெயர், இரண்டு வீட்டாரின் பெயர்கள். “இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை எதையாவது அறிந்தவர்கள் சொல்லக்கடவர்கள். இது மூன்றாம் தரம்.”

டார்லின் எழுந்தாள்.

அதே மூச்சில் பாஸ்டர் பாட்டின் எண்ணைச் சொல்லியிருந்தார். பெஞ்சுகள் கிரீச்சிட, சபை முழுவதும் எழுந்து நின்றது. ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பாட்டுப் புத்தகத்தை விரித்து அவள் கையில் பாதியைக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. தோட்டத்தில் பூ இல்லாததால் மார்க்கெட்டிலிருந்து ரோஜா மாலை வந்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் எபனேசர் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கோயில்லேர்ந்து வந்து, ‘அப்பா, மூணு ஓலையும் ஆயிட்டு’ன்னேன். லேசாச் சிரிச்சாவ. அப்படியே போயிட்டாவ.”

“கொடுத்து வச்ச மனுசன்” என்றார் ஒருவர். “பேத்தி கலியாணத்த உறுதிப்படுத்திட்டுல்லா போயிருக்காவ.”

செல்லத்தாய் டீச்சர் வந்து தலைமாட்டில், டார்லினுக்கு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தாத்தாவின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள எடுத்தாள். கை மடங்கவில்லை. தோளோடு சேர்ந்து விறைத்துக் கட்டையாக வந்தது.

அழுகை நின்றது. டீச்சர் நிமிர்ந்து டார்லினைப் பார்த்தாள். டார்லினும் பார்த்தாள்.

“காலைலதான் பேசிட்டிருந்தாவளாம்” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

டீச்சர் அந்தக் கையைப் பைய இறக்கி வைத்தாள். மாலையைக் கொஞ்சம் கீழே இழுத்து, விரல் நுனிகூடத் தெரியாதபடி அதை மூடினாள்.