நூற்றுக்கு இருபத்தாறு

1931-ஆம் வருஷம் முழுக்க அந்த ஆம்பூர் தொழிற்சாலையில் நூறு ஆட்டுத்தோலுக்கு இருபது மூன்றாந்தரமாகப் போயிற்று. மறு வருஷம் ஆடி மாதம், தரம் பிரிக்கும் ஜான் பாஷா நூறு தோலை உருவிப் பார்த்தபோது இருபத்தாறு. நடுவே மாறியது ஒன்றுதான்: சுண்ணாம்புத் தொட்டிக்கு ஆரோக்கியசாமி என்ற புது ஆள் வந்திருந்தான்.

"ஆறு ஜாஸ்தி, பாய். தோலை ரொம்ப ஊறவுட்றான்," என்றார் மேஸ்திரி கோவிந்தசாமி. "சனிக்கிழமை நீங்க ஆமான்னு சொன்னா ஆளை அனுப்பிடறேன்."

ஜான் பாஷாவுக்கு ஆமென்றும் சொல்ல வரவில்லை, இல்லையென்றும் சொல்ல வரவில்லை. பழைய ஆள் இருந்தபோதும் ஒரு நூற்றில் பதினேழு வரும், இன்னொன்றில் இருபத்திரண்டு வரும். கூடிய ஆறு ஆளின் தவறா, உருவும்போது கைக்கு அகப்பட்ட தற்செயலா?

வெள்ளிக்கிழமை விடுமுறை. மனைவி அக்தரி பேகம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குவியலைப் பார்த்ததும் அவனுக்கு வழி தோன்றியது. ஆயிரம் கொட்டை எண்ணி, இருநூறைச் சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்துப் பானையில் போட்டான். வெள்ளைக் கொட்டை மூன்றாந்தரத் தோல். ஐந்துக்கு ஒன்று, போன வருஷத்தைப் போலவே. இதில் ஆரோக்கியசாமியின் கை படவே இல்லை. அப்படியும் இருபத்தாறு வருமா?

முதல் நூறை அள்ளினான். நாற்பத்தொன்று வெள்ளை.

"இன்னாங்க, வெள்ளையைக் கடைசியா கொட்டிட்டு மேலாலயே அள்றீங்க," என்று அக்தரி சிரித்தாள். "கட்டுல மேல நல்ல தோலை வச்சு ஏமாத்துவாங்க, நடுவுல உருவணும்னு எனக்குப் பாடம் எடுக்கிறவரு."

பிறகு ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் நூறு எடுத்து, வெள்ளையை எண்ணி, திரும்பப் போட்டான். அக்தரி சுவரில் கரியால் எழுதினாள். நாற்பது தடவை. பெரும்பாலும் பதினாறுக்கும் இருபத்துநாலுக்கும் நடுவே வந்தது. நான்கு தடவை இருபத்தாறு அல்லது அதற்கு மேல். முப்பதை ஒரு தடவையும் தொடவில்லை.

மறுநாள் மேஸ்திரி கேட்டுவிட்டு, "புளியங்கொட்டை சாட்சி சொல்லுதா, பாய்?" என்றார்.

"ஆள் மாறாமலே பத்துல ஒரு வாட்டி இருபத்தாறு வருது, மேஸ்திரி. அவன் மேல தப்பே இல்லன்னு நான் சொல்லலை. இத வச்சு அனுப்ப முடியாதுன்றேன். அடுத்த சரக்குல நடுவுல உருவி இன்னொரு நூறு பாக்கறேன். முப்பது வந்தா, தொட்டி வேலை கெட்டுப்போச்சுன்னு நானே சொல்றேன்."