மர்சூக்கின் நாக்கும் நான்கு ஊர் டொக்டர்மாரும்

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் மர்சூக்கின் நாக்கில் சிறிய புற்றுநோய்க் கட்டி வந்திருந்தது. என்ன சிகிச்சை செய்வதென்று முடிவெடுக்க, திருகோணமலை ஆஸ்பத்திரியின் வீடியோத் திரையில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு டொக்டர்மார் கூடினார்கள். அவர்களுக்கு நடுவே மர்சூக்கின் நாக்கு பூசணிக்காய் அளவில் தெரிந்தது.

அரை மணி நேரம் வாதம் நடந்தது. மர்சூக் திரையிலிருந்த முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“முப்பது வருசமா என்ட நாக்கைப் பத்தி இவ மட்டுந்தான் குறை சொன்னா,” என்று பக்கத்துக் கதிரையிலிருந்த மனைவி ஜெஸீமாவைக் காட்டினார். “இப்ப நாடே கூடிச் சொல்லுது.”

கடைசியில் நால்வரும் ஒத்துப்போனார்கள். சிறிய சத்திரசிகிச்சை போதும். அவருடைய விபரங்களை நாடளாவிய ஆய்விலும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள்.

“ஓம், சேருங்க.”

“நல்லது. ஆனா சத்திரசிகிச்சைக்குப் பிறகு ரெண்டு கிழமைக்கு நீங்கள் கதைக்க ஏலாது,” என்றார் யாழ்ப்பாண டொக்டர்.

ஜெஸீமா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். “டொக்டர், அதை ஒரு மாசமாக்க ஏலாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். மைக்கைப் போட மறந்த கண்டி டொக்டர் சத்தமில்லாமல் குலுங்கினார். நோய் தெரிந்த நாளிலிருந்து சிரிக்காத மர்சூக்கும் சிரித்துவிட்டார்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்றாம் நாளே, “ஒரு சொல்லாவது கதைங்களேன்,” என்று கட்டிலருகே கெஞ்சிக்கொண்டு நின்றவர் ஜெஸீமாதான்.