வயிற்றுவலி உத்தியோகம்

வீட்டுக்கு இரண்டாவது பெண் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டடப் பொறியியலில் மேற்படிப்புக்காக வெளிநாடு போனவளுக்கு, வாரத்தில் இருபது மணி நேரம் வேலை பார்க்க அனுமதி இருந்தது. மருத்துவக் கல்லூரியில் ஒரு வேலையும் கிடைத்தது. நோயாளியாக நடிக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் நீல அங்கியை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பாள். மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கேள்வி கேட்பார்கள். பதில்களைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: மூன்று நாளாக வலி, வலது பக்கம், அமுக்கினால் 'ஆ' என்க. படுத்துக்கொண்டே சம்பாதிப்பது முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டே வாரத்தில் கூச்சம் போய்விட்டது.

மருத்துவக் கல்லூரியில் வேலை என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா நாலு பேரிடம் சொன்னாள். நாலாவது காதுக்குப் போவதற்குள் சின்னவள் டாக்டராகிவிட்டாள். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுச் சித்தி போன் செய்தாள்.

தேர்வு நாளன்று ஒரு நெட்டை மாணவன் வந்தான். வயிற்றைத் தொடாமல் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தான். நகத்தைப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

தாளில் இல்லாத கேள்வி. "ரொட்டி" என்றாள்.

"நேத்து?"

"ரொட்டி."

"அதுக்கு முந்தின நாள்?"

சற்று யோசித்தாள். "அன்னைக்கு ஜாம் இருந்துச்சு."

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டான். வாங்கியது. நாலாவது மாடி அறை. படிகளை அளவுக்கு மீறி உயரமாகக் கட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு டேப் வைத்து அளந்தும் பார்த்திருந்தாள். அளவு சரியாகவே இருந்தது.

"உங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு" என்றான். மணி அடித்தது.

மூலையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, அவன் வயிற்றைத் தொடவே இல்லை என்பதை எடுத்துச் சொல்லி அனுப்பினார். பிறகு எழுந்து வந்து தானும் இமையை இழுத்துப் பார்த்தார். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"அவன் சொன்னது சரிதான். ஆனா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல" என்று சின்னவளிடம் சொல்லி, அவனை ஃபெயிலாக்கினார்.

நாலு மாதத்தில் நூறு பேராவது அவள் வயிற்றை அமுக்கியிருப்பார்கள். முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

நிஜமாகவே உடம்பு சரியில்லாதவர்கள் நோயாளியாக நடிக்கக் கூடாது என்பது கல்லூரி அலுவலகத்தின் விதி. வேலையை நிறுத்தி வைத்தார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சோறு வடிக்கக்கூடவாடி நேரமில்ல?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

சின்னவள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள். அறைத்தோழியோடு முறை வைத்துப் பருப்பும் கீரையும் சமைத்தாள். மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது. நெட்டையனும் மறுதேர்வில் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாராம், முதுகுவலிதான் காலியாக இருக்கிறதாம்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மறுநாள் போய்ச் சேர்ந்துகொண்டாள்.